வாய்க்கால் எல்லாருக்கும், தூர் வாரறது யாரு?

2021 டிசம்பர். மழை விட்டும் விடாம தூறிக்கிட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலைல ஒரு கஸ்டமர்கிட்டேர்ந்து போன். கும்பகோணத்துல ஒரு பாத்திரக்கடைக்கு மேல மாடில நாலு பேர் உக்காந்து வேலை பாக்குற சின்ன ஆபீஸ் எங்களோடது, ரைஸ் மில்லுங்களுக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்குறோம். போன் பண்ணினவரு திருவாரூர் பக்கம் மில் வச்சிருக்கிற அண்ணன். "தம்பி, பெங்களூர்லேர்ந்து பையன் பேசினான், ஜாவால என்னமோ பெரிய ஓட்டையாம், நம்ம மில்லு சாஃப்ட்வேரும் ஜாவா தானே?" ஆமாண்ணே, நேத்து ராத்திரிலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்னேன். "ஓட்டை நீங்க எழுதினதுலயா?" இல்லண்ணே, லாக்ஃபோர்ஜேன்னு ஒரு லைப்ரரி, வேற ஆளுங்க எழுதறது, நாம எடுத்து உள்ள வச்சிருக்கோம். "எவ்வளவுக்கு வாங்குனீங்க?" வாங்கலண்ணே, அது ஃப்ரீ. "அப்ப அந்த ஆளுங்களுக்கு யாருப்பா சம்பளம் கொடுக்குறா?"

அங்க நான் நின்னுட்டேன். பதில் தெரியும், சொல்றதுக்குத்தான் கூச்சமா இருந்துச்சு. பெரும்பாலும் யாரும் கொடுக்குறதில்ல.

லாக்ஃபோர்ஜேங்கிறது ஒரு தினசரி நோட்டு மாதிரி. சாஃப்ட்வேர்ல என்ன நடந்தாலும் யார் உள்ள வந்தாலும் வரிசையா எழுதி வைக்கும், அவ்வளவுதான் வேலை. சிக்கல் என்னன்னா குறிப்பிட்ட ஒரு மாதிரி எழுத்தை யாராவது அனுப்பினா, லாகின் பேரா இருந்தாலும் சரி சாட்ல டைப் பண்ண ஒரு வரியா இருந்தாலும் சரி, அதை நோட்டுல எழுதறதோட நிக்காம உத்தரவா எடுத்துக்கிட்டு வெளிய ஏதோ ஒரு சர்வர்ல இருக்கிற ப்ரோக்ராமை கொண்டாந்து உள்ள ஓட்டிரும். மைன்கிராஃப்ட் கேம்ல சாட் பாக்ஸ்ல ஒரு வரி டைப் பண்ணியே சர்வரை புடிச்சாங்க. ஆபத்தை அளக்குற கணக்குல 10-க்கு 10 வாங்கின ஓட்டை அது. அதை அடைக்க ராத்திரி பகலா உக்காந்தவங்க அப்பாச்சி ஃபவுண்டேஷன்ல இருக்கிற விரல் விட்டு எண்ணக்கூடிய வாலண்டியருங்க, பகல்ல வேற வேலைக்குப் போயிட்டு மிச்ச நேரத்துல இதைப் பாக்குறவங்க. உலகத்துல பெரிய பெரிய கம்பெனிங்க பலதும் அந்த நோட்டை வச்சிருந்துச்சு.

டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க கஷ்டப்பட வேண்டியதில்ல. எனக்கு சொந்த ஊரு தலைஞாயிறு பக்கம், கடைமடை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு, கல்லணை திறந்தாச்சு, அமைச்சர் பூ தூவியாச்சுன்னு செய்தி வரும், ஆனா எங்க ஊர் வாய்க்காலுக்கு தண்ணி வந்து சேருமாங்கிறது மேட்டூர் கைலயும் இல்ல கல்லணை கைலயும் இல்ல. நடுவுல வெண்ணாறு, வெட்டாறுன்னு பிரிஞ்சு அதுலேர்ந்து ஏ வாய்க்கால் பி வாய்க்கால் சி வாய்க்கால்னு இறங்கி வர்ற வழியில எங்கயாவது ஒரு இடத்துல நெய்வேலி காட்டாமணக்கு மண்டிக் கிடந்தா போதும், ஆகாயத்தாமரை ஒரு மதகுல வந்து அடைச்சா போதும். தண்ணி இலவசம்தான், யாரும் பில் போடறதில்ல. தூர் வாரறது இலவசம் கிடையாது. அதுக்கு ஆளு வேணும், மம்பட்டி வேணும், சேத்துல இடுப்பளவு இறங்கணும், வருஷா வருஷம் இறங்கணும்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு திறந்து வைக்கிற ஓப்பன்சோர்ஸ் சாஃப்ட்வேரும் அப்படியே இதுதான். கோடு, அதாவது ப்ரோக்ராமா எழுதினது இலவசம், பராமரிப்பு யாரோ ஒருத்தரோட முதுகு.

எங்க மில் சாஃப்ட்வேரோட புது வெர்ஷனை ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினப்ப நாங்க கைப்பட சேத்த லைப்ரரி 14. இன்ஸ்டால் அடிச்சதும் உள்ள இறங்கினது எண்ணூத்தி சொச்சம், ஏன்னா அந்த 14-ம் தனக்கு வேணுங்கிறதை இழுக்கும், அதுங்க இன்னும் சிலதை இழுக்கும். இதைத்தான் டிபென்டென்சிங்கிறோம். 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்னு ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் பாக்கேஜ், மொத்தமே 11 வரி, ஒரு எழுத்துக்கு இடது பக்கம் இடம் விடறது மட்டும்தான் அதோட வேலை. அதை எழுதினவருக்கும் ஒரு கம்பெனிக்கும் வேற ஒரு பாக்கேஜோட பேரு விஷயத்துல தகராறு, பாக்கேஜ் எல்லாத்தையும் வச்சு எல்லாருக்கும் கொடுக்குற என்பிஎம் தளம் அந்த கம்பெனி பக்கம் நின்னதும் கோவத்துல தன்னோட பாக்கேஜ் எல்லாத்தையும் எடுத்துட்டாரு. உலகம் பூரா பில்டு, அதாவது கோடை ஓடுற சாஃப்ட்வேரா கட்டுற வேலை, ஓடாம நின்னு போச்சு. அந்த 11 வரி இருக்கிறதே அதை நம்பி இருந்த ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட். பேங்க்லேர்ந்து மெயில் வரைக்கும் பூட்டு போடற ஓப்பன்எஸ்எஸ்எல்-ல ரெண்டு வருஷமா யாரும் பாக்காத ஓட்டை. அப்பதான் வெளிய தெரிஞ்சுது, அந்த ப்ராஜெக்ட்டுக்கு நன்கொடைன்னு வருஷத்துக்கு வர்றது சுமார் 2000 டாலர்தானாம், முழு நேரமா உக்காந்து பாக்குறது ஒரே ஒருத்தராம். எனக்கு 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு ஞாபகம் வரும். ஆர்தர் காட்டன் 1836-ல கட்டின மேலணை, கொள்ளிடம் பக்கத்துல 9 ஷட்டர் வெள்ளத்துல அடிச்சிட்டுப் போச்சு. 180 வருஷமா நின்னுச்சுல்ல, இன்னும் நிக்கும்னு அதுவரைக்கும் எல்லாரும் இருந்தோம். நிக்கிற வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்குறதில்ல.

ஆனா என்னை ரொம்ப பாதிச்சது எக்ஸ்-இசட் கதைதான், அதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

எக்ஸ்-இசட் யூட்டில்ஸ்ங்கிறது ஃபைலை சுருக்குற ஒரு கருவி, லினக்ஸ் இருக்கிற இடமெல்லாம் இருக்கும். அதை பல வருஷமா தனி ஆளா பாத்துக்கிட்டவரு பின்லாந்துக்காரர் லாசே காலின், சம்பளம் கிடையாது. 2021-ல ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தர் வந்து சின்னச் சின்னதா பேட்ச், அதாவது கோடுல திருத்தம், அனுப்ப ஆரம்பிக்கிறாரு, நல்ல பேட்ச்தான். 2022-ல வேற சில பேர்ல ஆளுங்க வந்து லாசேகிட்ட சத்தம் போடறாங்க, ஏன் இவ்வளவு லேட்டு, உனக்கு ஆர்வம் போயிடுச்சுன்னா வேற ஆள்கிட்ட குடுத்துட்டுப் போன்னு. அதுக்கு லாசே, நீண்ட நாளா மனசு சரியில்ல, இது சம்பளம் இல்லாத ஹாபி ப்ராஜெக்ட்ங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கங்கன்னு பதில் போட்டாரு. அந்த பதிலைப் படிக்கிறப்ப எனக்கு என்னவோ பண்ணும். ஒரு மனுஷன் முடியலைங்கிறான், எதிர்ல நிக்கிறவங்க அதையே வாசப்படியா ஆக்கிக்கிறாங்க. கொஞ்ச நாள்ல ஜியா டானும் ஒரு மெயின்டெய்னர், அதாவது ப்ராஜெக்ட்டை பராமரிக்கிற பொறுப்பாளர். அவரு பொறுமையா ரெண்டு வருஷம் உழைச்சு நம்பிக்கை சம்பாதிச்சு, 2024 பிப்ரவரில 5.6.0 வெர்ஷன்ல பின்வாசல் வச்சாரு. அதை வச்ச விதம் இருக்கே, கோடுல எங்கயும் தெரியாது, டெஸ்ட் பண்றதுக்குன்னு வச்சிருந்த பைனரி ஃபைலுக்குள்ள மறைச்சு, ரிலீஸ் பண்ற கட்டுல மட்டும் ஒரு ஸ்கிரிப்டை சொருகி, பில்டு ஆகுறப்ப அது முழிச்சுக்கிட்டு, தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள நுழையற எஸ்எஸ்எச் லாகின்குள்ள போய் உக்காரும். சாவி வச்சிருக்கிறவன் அந்த பின்வாசல் வேலை செய்யுற எந்த சர்வருக்குள்ளயும் போகலாம்.

இதைக் கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை பாக்குற மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர். செக்யூரிட்டி ஆள் கிடையாது. வேற ஏதோ வேகத்தை அளந்துக்கிட்டு இருந்தவருக்கு எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி லேட்டாகுதுன்னு உறுத்துது. 500 மில்லிசெகண்ட். நாமளா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டிருப்போம். அவரு விடாம நோண்டி நோண்டி 2024 மார்ச் 29 அன்னிக்கு உலகத்துக்கு சொன்னாரு. டெபியன், ஃபெடோராங்கிற லினக்ஸ் வகைகளோட சோதனை வெர்ஷன் வரைக்கும் வந்துருச்சு, நாம நிஜமா ஓட்டுற ஸ்டேபிள் வெர்ஷனுக்கு இறங்கறதுக்குள்ள புடிச்சாச்சு. மதகுல தண்ணி ஒரு விரக்கடை குறையுதுன்னு நின்னு பாக்குற லஸ்கர் எங்க ஊர்ப் பக்கம் முன்னாடி இருந்தாரு, நடுராத்திரில டார்ச் எடுத்துக்கிட்டு கரை மேல போவாரு, எலி வங்கு ஒண்ணு கரையில இருந்தா அதை அன்னிக்கே மூடிட்டுத்தான் வருவாரு. ஆண்ட்ரெஸ் பண்ணது அந்த வேலை.

ஜியா டான் யாருன்னு நிறைய பேசினாங்க, எந்த நாட்டுக்காரன், உளவுத்துறையான்னு. எனக்கு அதைவிட பெருசா படறது, ஓட்டை கோடுல ஆரம்பிக்கல, தனியா விட்ட ஒரு மனுஷனோட களைப்புல ஆரம்பிச்சுது. அதே கதை 2025 செப்டம்பர்லயும் நடந்துச்சு, சாக், டீபக்னு என்பிஎம்-ல வாரத்துக்கு கோடிக்கணக்குல இறக்குற பாக்கேஜுங்க, அதோட மெயின்டெய்னருக்கு ஒரு பொய் மெயில், ஒரு க்ளிக், அவ்வளவுதான், திருட்டு கோடு உள்ள.

சரி, காசு எங்க போகுது? ஹார்வர்டுல 2024-ல ஒரு ஆய்வு வந்துச்சு, எல்லாரும் பயன்படுத்துற ஓப்பன்சோர்ஸை ஒரு தடவை திரும்ப எழுதினா சுமார் 4.15 பில்லியன் டாலர் ஆகும், ஆனா அது இல்லாம ஒவ்வொரு கம்பெனியும் தானே எழுதிக்கணும்னா 8.8 டிரில்லியன் டாலர் ஆகும்னு கணக்கு போட்டாங்க. அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிறதெல்லாம் எடுத்துக்கிறவங்க மிச்சம் பண்ணது.

இந்த வயித்தெரிச்சல்லதான் லைசென்ஸ் சண்டை, அதாவது கோடை யாரு எப்படி பயன்படுத்தலாம்ங்கிற நிபந்தனைச் சண்டை எல்லாம் வந்துச்சு. தேடுற சாஃப்ட்வேர் எழுதற எலாஸ்டிக் கம்பெனி 2021 ஜனவரில லைசென்ஸை மாத்துனாங்க, நாங்க எழுதினதை அமேசான் எடுத்து சர்வீஸா வித்து சம்பாதிக்கிறான்னு. அமேசான் உடனே பழைய வெர்ஷனை ஃபோர்க் பண்ணி, அதாவது நகலெடுத்து தனியா பிரிச்சு, ஓப்பன்சர்ச்னு ஆரம்பிச்சுது. 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப் கம்பெனி, சர்வருங்களை அமைக்கிற தன்னோட டெராஃபார்ம் சாஃப்ட்வேருக்கு லைசென்ஸை இறுக்கினாங்க, அதோட ஃபோர்க்கா ஓப்பன்டோஃபூ பொறந்துச்சு. 2024 மார்ச்ல ரெடிஸ்ங்கிற டேட்டாபேஸும் அதே மாதிரி, பதிலுக்கு வால்கீங்கிற ஃபோர்க். ஸ்டார்ட்அப் ஆளுங்க நடுவுல இதுல ரெண்டு கட்சி. ஒரு கட்சி சொல்றது, நாங்க வெட்டின வாய்க்கால்ல ராட்சச மோட்டார் போட்டு உறிஞ்சிட்டுப் போறவனை கேக்கக் கூடாதான்னு. இன்னொரு கட்சி, ஊரே சேந்து மம்பட்டி புடிச்சு வெட்டினதுக்கு அப்பறம் நீ மட்டும் பட்டா போட்டுக்கிட்டா எப்படின்னு. எனக்கு ரெண்டாவது கட்சி பக்கம்தான் மனசு சாயுது, ஏன்னா வெளியாளுங்க கோடு கொடுத்தப்ப இது பொதுன்னு சொல்லித்தான் வாங்கினாங்க. எலாஸ்டிக்கும் 2024-ல, ரெடிஸும் 2025-ல ஏஜிபிஎல்-னு மறுபடி ஓப்பன்சோர்ஸ் லைசென்ஸையும் சேத்துக்கிட்டாங்க, போன நம்பிக்கை அதே வேகத்துல திரும்பல. ஆனா இந்த சண்டைல இருக்கிற எல்லாருக்கும் வக்கீல் இருக்கு, முதலீட்டாளர் இருக்கு. லாசே காலினுக்கு யாரு இருக்கா? லைசென்ஸ் மாத்தினா அவருக்கு ஒரு பைசா வராது. நாம பல வருஷமா தலைமடைல நடக்குற பங்காளிச் சண்டையை பாத்துக்கிட்டு கடைமடையை மறந்துட்டோம்.

இங்க குடிமராமத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஓப்பன்சோர்ஸ் மீட்டிங்ல நம்மாளுங்க பெருமையா சொல்ற உதாரணம் அது, நானும் சொல்லியிருக்கேன், ஊரே கூடி ஏரி குளம் வாய்க்கால் எல்லாத்தையும் தானே பராமரிச்சுதுன்னு. அது நிஜம். ஆனா தஞ்சாவூர் ஜில்லாவுல மம்பட்டி புடிச்ச கை யாரோடது, நெல்லு போய் சேந்த பத்தாயம் யாரோடதுன்னு எங்க தாத்தா தலைமுறைக்கு நல்லா தெரியும். நிலம் மிராசுக்கு, சேறு பண்ணையாளுக்கு. 1858-ல மெட்ராஸ்ல கட்டாய வேலைக்குன்னே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். சுதந்திரத்துக்கு அப்பறம் 1952-ல தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. பொது வேலைங்கிற நல்ல பேருக்கு கீழ யாரோ ஒருத்தன் சும்மா உழைச்சா அதுக்கு பேரு ஒத்துமை கிடையாது. 'கம்யூனிட்டி' 'கம்யூனிட்டி'ன்னு பேசறப்ப எனக்கு இந்த பயம் வரும்.

இப்ப ஏஐ வந்து இன்னொரு பாரத்தை ஏத்திருக்கு. நெட் வழியா டேட்டா அனுப்பி வாங்குற கர்ல்ங்கிற கருவியோட ப்ராஜெக்ட்டை நடத்துற ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் 2024 ஆரம்பத்துலேயே புலம்ப ஆரம்பிச்சாரு, ஏஐ-கிட்ட கேட்டு எழுதின பொய் பக் ரிப்போர்ட்டா, அதாவது இல்லாத பிழையைப் பத்தின புகாரா, வந்து குவியுது, பாக்க அழகா இருக்கு, படிச்சு சோதிச்சுப் பாத்தா அப்படி ஒரு ஓட்டையே இல்ல, ஆனா அதைத் தெரிஞ்சுக்க எங்க நேரம் போகுதுன்னு. 2025 நவம்பர்ல எஃப்எஃப்எம்பெக் ஆளுங்களுக்கும் கூகுளுக்கும் நடந்த சண்டை இதுல அடுத்த படி. நீங்க பாக்குற வீடியோல பெரும்பகுதி ஏதோ ஒரு கட்டத்துல எஃப்எஃப்எம்பெக் வழியாதான் வருது, எழுதறவங்க பெரும்பாலும் வாலண்டியருங்க. கூகுளோட ஏஐ அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சுது, பொய் இல்ல, நிஜ ஓட்டைதான், 1995-ல வந்த ஒரு கேமோட வீடியோவை ஓட்டுறதுக்கு எவரோ ஆசையா எழுதி வச்ச கோடுல. வெளிய சொல்றதுக்கு முன்னாடி சரி பண்ண 90 நாள் கெடு. எஃப்எஃப்எம்பெக் கேட்டது ரொம்ப நியாயமா எனக்கு படுது, ஓட்டையைக் கண்டுபிடிக்க அவ்வளவு செலவு பண்றீங்க, ஒண்ணு பேட்சோட வாங்க, இல்ல காசோட வாங்கன்னு. எதிர்த்தரப்புலயும் விஷயம் இல்லாம இல்ல, ஓட்டை இருக்குன்னா சொல்லாம மறைக்கிறது அதைவிட ஆபத்து, திருடனும் அதே ஏஐ வச்சிருக்கான். சொல்லட்டும். கரை உடைஞ்சிருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்புறவன் வசதி படைச்சவனா இருந்தா ரெண்டு மணல் மூட்டையும் கூட அனுப்பணும்ல. அதே 2025-ல, எக்ஸ்எம்எல் ஃபைலைப் படிக்கிற லிப்எக்ஸ்எம்எல்-2-ங்கிற லைப்ரரியை பாத்துக்கிட்டு இருந்தவரு, இனிமே செக்யூரிட்டி ரிப்போர்ட்டுக்குன்னு தனி ரகசிய மரியாதை கிடையாது, மத்த பக் மாதிரிதான் பாப்பேன், நேரம் கிடைச்சா சரி பண்ணுவேன்னு அறிவிச்சாரு, அப்பறம் ஒதுங்கியே போயிட்டாரு. அது கோவம் இல்ல, களைப்பு.

நல்லதும் நடக்குது. ஜெர்மனி அரசாங்கம் 2022-ல சாவரின் டெக் ஃபண்ட்னு ஆரம்பிச்சு இந்த மாதிரி அடித்தள ப்ராஜெக்ட்டுங்களுக்கு வேலைக்கு காசு கொடுக்குது, ரோடு பாலம் மாதிரி இதையும் கட்டுமானமா பாத்து. நம்ம நாட்டுல ஜெரோதா 2024 அக்டோபர்ல ஃபிளாஸ் ஃபண்ட்னு அறிவிச்சாங்க, வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் வரைக்கும், ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 10,000-லேர்ந்து 1 லட்சம் டாலர். ஐரோப்பால சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட் 2024 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, முழுக் கடமையும் 2027 டிசம்பர்லேர்ந்து, அதுப்படி பொருளை விக்கிற கம்பெனிதான் உள்ள இருக்கிற லைப்ரரிக்கும் பொறுப்பு, சும்மா எழுதிக் கொடுத்த வாலண்டியர் தலைல கட்ட முடியாது. தஞ்சாவூர், திருச்சிலேர்ந்து ஐரோப்பாவுக்கு சாஃப்ட்வேர் அனுப்புறவங்க இப்பவே தன் லிஸ்டுல என்னென்ன இருக்குன்னு எடுத்துப் பாக்கறது நல்லது.

எங்க மாதிரி நாலு பேர் டீம் என்ன பண்ண முடியும்னு நிறைய பேர் கேக்குறாங்க. எங்க அனுபவத்தை சொல்றேன். மில் பில்லுல தமிழ் பிடிஎஃப் எடுத்தா 'பொன்னி' உடைஞ்சு வரும். யூனிகோடுல 'பொ'-ங்கிறது ப, அப்பறம் ஒகரக் குறி, ரெண்டே துண்டு. அந்த ஒகரக் குறியை ரெண்டாப் பிரிச்சு கொம்பை ப-வுக்கு முன்னாடியும் காலை பின்னாடியும் போடறது எழுத்தை வடிவமைக்கிற லைப்ரரியோட வேலை. ஆண்ட்ராய்டு போன்ல, குரோம்ல, ஃபயர்ஃபாக்ஸ்ல, லிப்ரே ஆபீஸ்ல இதைப் பண்றது ஹார்ஃப்பஸ்னு ஒரு ஓப்பன்சோர்ஸ் லைப்ரரி, பெஹ்தாத் எஸ்ஃபாபோத்ங்கிறவரு முன்னின்னு கட்டினது. போன்ல தமிழ் படிக்கிற நம்மள்ல பெரும்பாலானவங்க தினமும் அவரோட வேலை மேலதான் நிக்கிறோம். நாங்க வச்சிருந்த பிடிஎஃப் லைப்ரரி அந்த வேலையை பண்ணல, அதனால கொம்பு ப-வுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கும், மூட்டை வாங்க வந்த வியாபாரி பில்லைப் பாத்துட்டு இது என்ன எழுத்துன்னு கேப்பாரு.

முதல் ஒரு வருஷம் நாங்களும் மத்தவங்க மாதிரி அந்த பிடிஎஃப் லைப்ரரியோட இஷ்யூ பக்கத்துல, அதாவது பிழையைப் பதியற இடத்துல போய் 'எப்ப சரியாகும்'னு கேட்டுட்டு வந்தோம். அந்த வரியை இப்ப படிச்சா லாசே காலின்கிட்ட சத்தம் போட்டவங்க ஞாபகம் வருது. அப்பறம்தான் எங்க டீம்ல ரெண்டு பேர் சனிக்கிழமை சனிக்கிழமை உக்காந்து, அந்த லைப்ரரிக்குள்ள ஹார்ஃப்பஸை சொருகற பேட்ச் எழுதினோம், மூணு வாரம் ஆச்சு. மெயின்டெய்னர் ஒரே ஆள், தமிழ் தெரியாது. பொறுமையா படிச்சாரு, ரெண்டு இடத்துல திருத்த சொன்னாரு, கடைசியா ஒண்ணு கேட்டாரு, எனக்கு இந்த மொழி தெரியாது, நாளைக்கு நானே தெரியாம இதை உடைச்சா எப்படி கண்டுபிடிப்பேன், சோதனைக்கு சொல்லு கொஞ்சம் தாங்கன்னு. இங்கேர்ந்து வேற எந்த சொல்லு போகும், மில் லிஸ்டைத் திறந்து நெல்லு ரகத்தையே அனுப்பினோம்: பொன்னி, சொர்ணமசூரி, கொட்டாரச் சம்பா, கோ 51, கௌனி. இப்ப அந்த லைப்ரரில யாரு எந்த ஊர்லேர்ந்து என்ன மாத்தினாலும் இந்த அஞ்சும் சரியா அச்சாகுதான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுது. திருவாரூர் அண்ணனுக்கு அடுத்த வருஷ பராமரிப்பு பில் போட்டப்ப அந்த மெயின்டெய்னருக்கு மாசாமாசம் அனுப்ப ஒரு சின்ன தொகையை தனி வரியா சேத்துப் போட்டோம். அண்ணன் அந்த வரில விரல் வச்சு இது என்னதுன்னு கேட்டாரு. அன்னிக்கு நீங்க சம்பளம் யாரு கொடுக்குறான்னு கேட்டீங்கல்லண்ணே, அதான்னேன். சரின்னு கையெழுத்து போட்டாரு.